நிகத்தின் கைக்கு அடங்கும் தட்டு

விளையாட்டில் எறிந்த நீலப் பிளாஸ்டிக் தட்டு கூடைக்குப் போகவில்லை என்பது அது கையை விட்ட நொடியிலேயே நிகத்துக்குத் தெரிந்துவிட்டது. விரல்கள் இன்னும் மடங்கியபடிதான் இருந்தன, ஆனால் உள்ளே தட்டு இல்லை. தோள் முழுதாகத் திரும்புவதற்கு முன்பே அது வியர்வையில் வழுக்கிக்கொண்டு இடது பக்கம் பாய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் வேலியோரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. தலையில் சோளத்தட்டைக் கட்டைச் சுமந்துகொண்டு ராமாத்தாள் அதில் வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பாத்துங்க" என்று நிகத் கத்தினாள்.

சத்தம் கேட்ட பக்கம் ராமாத்தாள் முகத்தைத் திருப்பினார். திருப்பாமல் நேரே நடந்திருந்தால் தட்டு சோளத்தட்டைக் கட்டில் பட்டு விழுந்திருக்கும். திரும்பியதால் அதன் விளிம்பு வலது புருவத்தில் இறங்கியது. கட்டு ஒரு பக்கம் விழ, அவர் இன்னொரு பக்கம் மண்ணில் உட்கார்ந்தார். நிகத் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கன்னமெல்லாம் ரத்தம் வழிந்திருந்தது.

பத்து வருஷமாக ரத்தத்தோடு பழகியவள் நிகத். நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை.  துப்பட்டாவை மடித்துப் புருவத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தியே வைத்திருக்கச் சொன்னாள். அவளைப் பயமுறுத்தியது ரத்தமல்ல. ராமாத்தாளின் வலக்கண் திறந்துதான் இருந்தது. அதன் முன்னால் விரலை ஆட்டி எத்தனை என்று கேட்டபோது, "எல்லாம் செவப்பா இருக்குது சாமி" என்றார் அவர். 

அந்த மைதானம் நவீன்குமாருடையது. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை எதிரே நிற்க, வேம்பும் பனையுமாகக் கிடந்த நாலு ஏக்கர் மேட்டு நிலம் அது. பின்லாந்தில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், அங்கே பழகிய டிஸ்க் கோல்ஃப் விளையாட்டையும் கையோடு கொண்டுவந்துவிட்டான். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவார்கள். இதில் தட்டை எறிந்து இரும்புக் கூடைக்குள் விழ வைக்க வேண்டும். எத்தனை குறைந்த எறிகளில் முடிகிறதோ அத்தனை நல்லது. ஒன்பது கூடைகளையும் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்து வாங்கினான். கூடைக்கு மேல் தொங்கும் சங்கிலிகள் லாரியின் பின்கதவுக்குப் போடும் சங்கிலிகள்.

நிகத்தை முதலில் அங்கே கூட்டிப்போனது அவள் தங்கை நாஸியா. கல்லூரியில் யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவள் இரண்டே வாரத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டாள். நிகத் நிற்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஆறரை மணிக்கே ரத்தம் எடுக்கத் தொடங்கினால் இரண்டு மணிக்குத்தான் வேலை முடியும். அதற்கப்புறம் வீட்டில் சும்மா கிடக்கும் மாலைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. ஸ்கூட்டரை எடுத்தால் இருபது நிமிஷத்தில் மைதானம். ஒன்பது ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண். யாரும் அவளைத் தனியாகக் கவனிக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தூரத்துக்கு ஒரு வகைத் தட்டு, கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் ஒரு வகை, இரண்டுக்கும் நடுவே மிட்ரேஞ்ச் என்று ஒரு வகை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த நடுவகைதான் பாதி ஆட்டம். நவீன் எல்லோருக்கும் கொடுத்ததைப் போல அவளுக்கும் ஒரு நீல மிட்ரேஞ்ச் தட்டைக் கொடுத்தான். நூற்றெண்பது கிராம், ஆழமான விளிம்பு. ஆண்களின் கையில் அது சாப்பாட்டுத் தட்டு போல உட்கார்ந்தது. நிகத்தின் கையோ பத்து வயதுப் பிள்ளையின் கை அளவுதான். பரிசோதனை நிலையத்தில் அது அவளுக்கு நல்ல பெயரே வாங்கித் தந்திருந்தது. சின்னக் கைக்காரப் பொண்ணே ஊசி போடட்டும் என்று கேட்டு வருகிற வயதானவர்கள் உண்டு. நீலத் தட்டைப் பிடித்தால் மட்டும் விரல் நுனிகள் விளிம்பின் உள்சுவரைத் தொடுவதோடு சரி, அதை இறுக்கிப் பிடிக்க நீளம் போதாது.

இரண்டாம் மாதமே அவள் இதை நவீனிடம் சொல்லியிருந்தாள். தட்டு பெரிதாக இருக்கிறது, விரல் வலிக்கிறது, சில சமயம் முன்னாலேயே நழுவுகிறது என்று. எல்லோரும் இதில்தான் ஆரம்பிப்போம், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அவன் சொன்னான். அவள் அதற்கு மேல் பேசவில்லை. இருக்கிற ஒரே பெண் குறை சொல்கிறவளாகத் தெரியக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு நாலு தையல் போட்டார்கள். தையல் பெரிய விஷயமில்லை. அடிபட்ட வேகத்தில் கருவிழிக்கு முன்னால் ரத்தம் இறங்கியிருக்கிறது, அது தானாக வடிய வேண்டும் என்றார் கண் டாக்டர். தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், மறுபடி கசிந்தால் ஆபத்து, பார்வையைப் பற்றி ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார். நவீன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். நிகத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அடுத்த ஐந்து நாளும் வேலை முடிந்ததும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராமாத்தாள் ஆறேழு ஆடுகளை வைத்துப் பிழைப்பவர். வீட்டுக்காரர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் வெங்கடாசலம் கோழித்தீவன லாரி ஓட்டுகிறவர், அப்போது ஒடிசாப் பக்கம் போயிருந்தார். ராமாத்தாள் அவளைத் திட்டவில்லை. ஆடுகளுக்குத் தண்ணி காட்ட ஆளிருக்கிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நிகத்தும் தினமும் விசாரித்து வந்து சொன்னாள். கட்டுப் போட்ட கண்ணைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மூன்றாம் நாள் அழுத்தம் ஏறியது. சொட்டு மருந்தை மாற்றினார்கள். மறுநாள் காலை வேலையில் ஊசி குத்துகிற இடத்தை நிகத் முதல்முறையாகத் தவறவிட்டாள். ஒரு பெரியவரின் கையில் இரண்டு தரம் குத்த வேண்டியதாயிற்று. அன்று மாலை போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் நவீனுக்கு வெங்கடாசலத்திடமிருந்து போன் வந்தது. லாரி விஜயவாடா தாண்டி வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்துவிடுவேன், சாயங்காலம் மைதானத்துக்கு வருவேன் என்றார். பொம்பளைப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே எறிந்தது என்று ஊரில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். போலீசுக்கு எழுதிக் கொடுப்பதா, கூடைகளைப் பிடுங்கிப் போடுவதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன், எறிந்த ஆள் என் முன்னால் எறிந்து காட்ட வேண்டும், எப்படி ஆயிற்று என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

நவீன் அதை நிகத்திடம் சொன்னபோது, நீங்கள் வரவேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னான். வருகிறேன் என்றாள் அவள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒன்று அவளைக் குடைந்தது. எப்படி ஆயிற்று என்று அவள் என்ன சொல்வாள்? தட்டு கைக்குப் பெரிது, அதனால் நழுவியது என்றால் அது உண்மையா, இல்லை ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிற வேலையா? கவனம் சிதறியிருக்கலாம். கால் பிசகியிருக்கலாம். அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாமல் அந்த மனிதர் முன்னால் போய் நிற்க முடியாது. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அன்றே திரும்பிப் போய் நவீனிடம் இருக்கிற மிட்ரேஞ்ச் தட்டுகளையெல்லாம் கேட்டாள். பின்லாந்திலிருந்து கொண்டுவந்த பெரிய பையைத் திறந்து அவன் பதினொன்றை எடுத்துக் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அவனுக்கும் அந்த ஐந்து நாளும் சரியான தூக்கம் இல்லை.

வீட்டுக் கூடத்தில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். கையுறை விஷயத்தில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. ஆறாம் நம்பருக்குப் பதில் ஏழாம் நம்பர்ப் பெட்டி வந்து இறங்கினால் ரத்தமே எடுக்கமாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறவள் அவள். விரல் நுனியில் கையுறை தொளதொளத்தால் நரம்பு தட்டுப்படாது. அந்தக் கண்டிப்பை இங்கே ஏன் விட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள்.

அளக்க அளக்க விஷயம் புலப்பட்டது. எல்லாம் ஒரே வகைத் தட்டுகள் என்றாலும் விளிம்பின் ஆழம் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது. நீலத்தில் பதினைந்து மில்லிமீட்டர், சிலதில் பன்னிரண்டுதான். ஸ்கேலில் இது மூன்று சின்னக் கோடு. ஆனால் விரலை உள்ளே மடக்கினால் அந்த மூன்று கோட்டில் ஒரு விரல்கணுவே வெளியே நின்றுபோகிறது. சிவப்புத் தட்டில் ஆழம் குறைவுதான், ஆனால் விளிம்பின் அடியில் கயிறு போல ஒரு புடைப்பு ஓடியது. இறுக்கினால் சுண்டுவிரலில் தடம் பதிந்தது. மஞ்சள் மெத்தென்று இருந்தது, ஆனால் நடுவில் குவிந்து எழும்பியிருந்ததால் கட்டைவிரல் எங்கோ உயரத்தில் தொங்கியது. இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு மிஞ்சின, ஒன்று ஆரஞ்சு, இன்னொன்று சாம்பல். மேல்பக்கம் தட்டையாக, விளிம்பு ஆழமில்லாமல், அடியில் புடைப்பில்லாமல் இருந்தன. நாலு விரலும் உள்சுவரில் படிந்து மூடின. ஆரஞ்சு நூற்றைம்பத்திரண்டு கிராம், சாம்பல் நூற்று அறுபத்தெட்டு.

கைக்கு நன்றாக இருக்கிறது என்பது வேறு, நழுவாது என்பது வேறு. அதை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தபோது அவளுக்கு அத்தாவின் கடை நினைவு வந்தது. அவளைப் பெற்ற ரஹமத்துல்லா லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவர். கயிற்றுச் சிப்பத்தை நிறுக்க அவரிடம் ஒரு கொக்கித் தராசு உண்டு. பிடித்து இழுத்தால் எத்தனை கிலோ இழுப்பு என்று முள் காட்டும். மகள் கேட்டதும் அவர் தராசோடு தானும் வீட்டுக்கு வந்துவிட்டார். தட்டில் ஓட்டை போடாமல் மெல்லிய கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, சரக்கு லாரிக்குப் போடும் முடிச்சு ஒன்றைப் போட்டுக் கொக்கியை மாட்டினார்.

நிகத் நீலத் தட்டை எறியும் வாக்கில் பிடித்துக்கொண்டாள். நாஸியா தராசை மெல்ல இழுத்தாள். நாலு கிலோவில் தட்டு கையை விட்டு வந்துவிட்டது. மறுபடி பிடித்தாள், நாலேகால். அப்புறம் வியர்வைக்குப் பதிலாக உள்ளங்கையில் தண்ணீர் தடவிக்கொண்டு பிடித்தாள். மூன்று கிலோவை முள் தொடுவதற்குள் வழுக்கிவிட்டது.

"நான் புடிக்கறேன், நீ இழு" என்றாள் நாஸியா. தங்கையின் கை அக்காவின் கையை விட ஒரு விரல்கணு நீளம். அதே நீலத் தட்டை ஈரக்கையோடு அவள் ஏழு கிலோ வரை விடவில்லை.

 ரஹமத்துல்லா கொக்கியைக் கழற்றிச் சாம்பல் தட்டில் மாட்டினார். நிகத்தின் ஈரக்கை அதை ஆறரைக் கிலோ வரை பிடித்து நின்றது. ஆரஞ்சில் ஏழு.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தட்டுதான் காரணம் என்பது உறுதியானதும், இரண்டாம் மாதமே தெரிந்திருந்தும் சும்மா இருந்துவிட்டேனே என்பதும் கூடவே உறுதியாகிவிட்டது.

புதன்கிழமை ஆளில்லாத நேரமாகப் பார்த்து மைதானத்துக்குப் போனாள். யாரும் வராமல் பார்த்துக்கொள்ள நவீனைப் பாதை முனையில் நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி எறிந்தாள். கைக்கு ஆரஞ்சுதான் சுகம், எறிந்ததே தெரியாது. ஆனால் ஆடிக்காற்று வேகமெடுத்திருந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று, பனைமரம் தாண்டியதும் அந்த லேசான தட்டைத் தூக்கிப் பாதைப் பக்கம் கொண்டுபோனது. பத்தில் நாலு அப்படிப் போயிற்று. சாம்பலில் ஒன்றுதான். சின்னக் கைக்கு லேசானதே நல்லது, ஆரஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நவீன் சொன்னான். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அவள் சரி என்றிருப்பாள்.

"இல்லீங்ணா, கைய மட்டும் பாத்தா பத்தாது. காத்தையும் பாக்கோணும். எனக்கு இதுதான்" என்று சாம்பலைப் பைக்குள் வைத்தாள்.

அந்த இரண்டும் ஏதோ ஒரு பெண்கள் போட்டியில் இலவசமாகக் கிடைத்தவை, சின்னப் பிள்ளைகளுக்கான தட்டு என்று நினைத்துப் பையின் அடியிலேயே போட்டு வைத்திருந்தேன் என்று நவீன் அப்போதுதான் சொன்னான். 

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெங்கடாசலம் வந்தார். நாற்பது வயதிருக்கும், தூங்காத கண்கள். பின்னாலேயே ஆட்டோவில் ராமாத்தாளையும் கூட்டி வந்திருந்தார். அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ரத்தம் வடிந்துவிட்டது, நிழலும் ஆளும் தெரிகிறது, மீதியைப் போகப் போகப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு ராமாத்தாள் வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தார். விளையாடுகிறவர்களும் ஊர்க்காரர்களுமாக இருபது பேர் கூடியிருந்தார்கள். காற்று பனையோலைகளைச் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

வெங்கடாசலம் எடுத்த எடுப்பிலேயே, அம்மா எங்கே நின்றார் என்று கேட்டார். நவீன் காட்டினான். நேரே நடந்துபோய் அதே இடத்தில் நின்றார்.

"எங்கம்மா நின்ன எடத்துல நான் நிக்கறனுங்க. அன்னிக்கு எப்படி எறிஞ்சீங்களோ அப்படியே எறியுங்க."

நிகத்தின் கையில் நீலத் தட்டு இருந்தது. உள்ளங்கை ஈரமாகிக்கொண்டே வந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எறிந்துவிட்டால் முடிந்துவிடும் என்பது போல ஒரு அவசரம் அந்தக் கூட்டத்தில் இருந்தது. அவள் குனிந்து தட்டைத் தரையில் வைத்தாள்.

"நீங்க அங்க நின்னா நான் எறியமாட்டனுங்க."

"பயமா இருக்குதுங்களா?"

"ஆமாங்க. இந்தத் தட்டு என் கையில நிக்காதுங்க. அன்னிக்கும் நிக்கல. தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன். நீங்க அங்க நின்னா உங்க மேலயும் படும்."

வெங்கடாசலம் அசையவில்லை. நிகத்தும் குனிந்து தட்டை எடுக்கவில்லை. காற்று ஒரு சுற்றுச் சுற்றி மண்ணை வாரி இருவருக்கும் நடுவே இறைத்தது. நவீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெங்கடாசலம் விலகாவிட்டால் போலீசுக்கே போகட்டும், எறிவதில்லை என்று அவள் மனதுக்குள் முடிவாகியிருந்தது.

கடைசியில் ராமாத்தாள்தான் கூப்பிட்டார். "வெங்கடு, இங்க வா. ஒரு கண்ணு பத்தாதா?"

வெங்கடாசலம் மெதுவாக நடந்து வேப்பமரத்தடிக்கு வந்தார். பாதையின் இரண்டு முனையிலும் ஆளை நிறுத்தினார்கள். நிகத் நீலத் தட்டை எடுத்து, அன்று நின்ற இடத்திலேயே நின்று, அன்று எறிந்த வேகத்திலேயே எறிந்தாள். முதல் எறி கூடைக்கு நேராகவே போய் விழுந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. தவறாக எறிய வேண்டுமென்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? இரண்டாம் எறியும் நேராகவே போயிற்று. மூன்றாவதில், தோள் திரும்பி முடிவதற்கு முன்னால், அதே போல விரல்கள் மூடியிருக்கத் தட்டு மட்டும் கழன்று போயிற்று. சற்று முன் வெங்கடாசலம் நின்ற இடத்தைக் கடந்து வேலிக்கல்லில் பட்டுத் தெறித்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வெங்கடாசலம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த கோபம் போகவில்லை, ஆனால் அது இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது.

நிகத் சாம்பல் தட்டை எடுத்தாள். முதல் எறி நேரே போய்க் கூடைக்குப் பத்தடி முன்னால் விழுந்தது. இரண்டாவது கூடையைத் தாண்டியது, மூன்றாவது சங்கிலியை உரசிக்கொண்டு போயிற்று. மூன்றிலும் தட்டு கையை விட வேண்டிய நேரத்தில்தான் விட்டது. அது அவளுக்கு விரல் நுனியிலேயே தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள். அவள் நாலாவதாகவும் எறிந்தாள். அப்போது ஒரு பெருங்காற்று வந்து சாம்பல் தட்டையும் ஒருக்களித்துத் தள்ளியது. பாதைக்கு எட்டடி இப்பால் விழுந்தது.

அவள் நவீனிடம் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். கை அளவுக்குச் சரியான தட்டு இருந்தாலும் இந்தக் காற்றில் இந்தக் கூடைக்கு யாரும் எறியக்கூடாது. பாதையை ஒட்டி இதை வைத்ததே தப்பு. இதை எடுத்து மேற்கு மூலையில் நட வேண்டும், பாதைக்கு முதுகு காட்டி எறிகிற மாதிரி. நவீனின் முகம் சிவந்தது. ஒவ்வொரு கூடைக்கும் தானே அளந்து இடம் குறித்தவன் அவன். ஆனாலும், நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றான்.

ராமாத்தாள் அந்த நீலத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நிகத்தின் வலது கையைப் பிடித்து இழுத்து, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத்துனூண்டு கைய வெச்சுக்கிட்டு இது ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கோணும் சாமி."

"ஆமாங்க. சொல்லியிருக்கோணும்."

"நானும் திரும்பாம இருந்திருக்கோணும்" என்றார் ராமாத்தாள். அதைக் கேட்டதும்தான் நிகத்துக்குக் கண் நிறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெங்கடாசலம் போலீசுக்குப் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மாற்றிய கூடையை நான் வந்து பார்ப்பேன், அதுவரைக்கும் ஒரு ஆள் எறியக்கூடாது என்று மட்டும் நவீனிடம் சொல்லிவிட்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து அடுத்த லோடுக்குப் போகும் முன் வந்து பார்த்தார். தானே சில தரம் எறிந்தும் பார்த்தார். ஒன்றும் கூடைப் பக்கம் போகவில்லை.

ராமாத்தாளுக்கு ஆவணியில் பார்வை ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. வெயிலில் மட்டும் வலக்கண் கூசி நீர் வடிகிறது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு அதே பாதையில்தான் வருகிறார். முன்பெல்லாம் விறுவிறுவென்று போய்விடுவார். இப்போது வேலிமுனையில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்கிறார். அவர் நிற்பதைக் கண்டால் நிகத் தட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிடுவாள். மற்றவர்களும் எறிவதை நிறுத்திவிடுவார்கள்.

நவீன் புதிதாகத் தட்டு வரவழைப்பதற்கு முன் இப்போதெல்லாம் எல்லோருடைய கையையும் ஸ்கேல் வைத்து அளக்கிறான். ஒன்பது ஆண்களில் மூன்று பேருக்கு நீலத் தட்டு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களும் இத்தனை நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். பெண்கள் பிரிவில் பதினாலு பேர். நிகத் பரிசோதனை நிலையத்தில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுச் சாம்பல் தட்டோடு போனாள். காலையிலேயே தூறல் விழுந்து கையெல்லாம் ஈரம். முதல் கூடைக்கு நின்றாள். இடது பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு தரம் பார்த்தாள். நடுவர் நேரமாகிறது என்றார். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டுத்தான் எறிந்தாள். பதினெட்டுக் கூடையிலும் ஒரு தட்டுகூட நழுவவில்லை. கடைசியில் எட்டாவது இடம் வந்தது.

வீடு திரும்பியதும், பரிசு கிடையாதா என்று வாசலிலேயே கேட்டாள் நாஸியா. எட்டாவதுக்கு எவன் கொடுப்பான் என்றார் ரஹமத்துல்லா. அப்புறம், யாருக்கும் அடிபடவில்லையே என்று மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றாள் நிகத். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதலில் சோறு இருக்கிறதா என்று கேட்டாள்.